சரளி வரிசைக்கும் ஒரு மேடை

(பள்ளி ஆசிரியர்களுக்கான கலைக்கல்விப் பயிற்சியில், மாவட்ட அரசு இசைப்பள்ளியின் குரலிசை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பாட்டு வாத்தியார் யாரையும் தூங்கவிட மாட்டார் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். முயன்று பார்க்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'இளம் இசை மாணவர்களின் பருவ இறுதி நிகழ்ச்சிகளும் சாதனைகளும்'. தலைப்பைப் படித்ததும் உங்கள் மனத்தில் ஒரு படம் வந்திருக்கும். பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி, ஒலிவாங்கி, கேடயம், கைதட்டல். அந்தப் படம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இல்லாத பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். மேடைக்குக் கீழே நாற்காலி எடுத்துப்போட்ட பிள்ளைகள், வரவேற்பில் சந்தனமும் கற்கண்டும் நீட்டிய பிள்ளைகள். அவர்களும் அதே பருவம் முழுவதும் அதே பாட்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

முதலில் எங்கள் பள்ளியைப் பற்றிச் சில வரிகள். இப்படி ஒரு பள்ளி மாவட்டத் தலைநகரில் இருப்பதே உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அது உங்கள் குற்றமில்லை, எங்கள் பெயர்ப்பலகை அவ்வளவு சிறியது. கலை பண்பாட்டுத் துறையின்கீழ்த் தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இயங்குகின்றன. குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகள். மூன்றாண்டுப் படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். குரலிசை, பரதம், வயலின், மிருதங்கத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதசுவரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன். இவை தவிர, 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்ற வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. உங்கள் பள்ளிப் பிள்ளைகளை நாங்கள் அதிகம் சந்திப்பது அங்கேதான்.

பருவம் முடியும்போது நிகழ்ச்சி வைக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. பொதுவாக என்ன நடக்கிறது? நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பு வகுப்பிலேயே நன்றாகப் பாடும் ஐந்தாறு பேரைப் பிரித்து எடுக்கிறோம். அவர்களுக்கு இரண்டு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த ஒரு மாதம் மற்றவர்களுக்கு வகுப்பே கிடையாது, சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நிகழ்ச்சி நன்றாக நடக்கும், பாராட்டும் வரும். அடுத்த பருவத்தில் வகுப்பைத் திறந்து பார்த்தால் சுவரோரம் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேரைக் காணோம். ஏன் வரவில்லை என்று கேட்டால் டியூஷன் என்பார்கள், தூரம் என்பார்கள். பிள்ளைகள் உண்மையான காரணத்தை நம்மிடம் சொல்வதில்லை.

போட்டி வேறு, பருவ இறுதி நிகழ்ச்சி வேறு. போட்டி என்றால் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று வடிகட்டித்தான் அங்கே போக முடியும். அதில் வென்று கலையரசன், கலையரசி என்று பெயர் வாங்கி வருகிற பிள்ளைகளைப் பார்த்து நானும் மகிழ்கிறேன். ஆனால் பருவ இறுதி நிகழ்ச்சியையும் அதே வடிகட்டியால் வடிகட்டினால், பிள்ளை ஒருமுறைகூட மேடையைப் பார்க்காமலே பள்ளியை விட்டுப் போய்விடும். ஒரு பருவத்தில் இந்தப் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று பெற்றோர் முன்னால் காட்டுகிற கணக்குத்தான் இந்த நிகழ்ச்சி. நல்ல வரவை மட்டும் எழுதிவிட்டு மீதியை மறைத்தால் அதைக் கணக்கென்று யார் சொல்வார்கள்?

"பாட வராத பிள்ளையை எப்படி சார் மேடையேற்றுவது? சபை சிரிக்காதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு நம் மரபிலேயே பதில் இருக்கிறது. ஒரு நாதசுவர மேளத்தை நினைத்துப் பாருங்கள். நாதசுவரம் வாசிப்பவரும் தவில்காரரும் நம் கண்ணில் முதலில் படுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஒத்து ஊதுவார், மற்றவர் தாளம் போடுவார். ஒத்து என்பது பார்ப்பதற்கு நாதசுவரம் போலவே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கிற துளைகள் இருக்காது. ஒரே சுருதியை விடாமல் ஊத வேண்டும். ராகம் வாசிக்கத் தெரியாத சிறுவனை அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள். மூச்சு அறுந்துபோகாமல் கன்னத்தில் காற்றை நிறுத்தி ஊதப் பழகுவான். மணிக்கணக்கில் ஆசிரியரின் வாசிப்பு காதில் விழுந்துகொண்டே இருக்கும். தாளம் போடுகிற பையனும் அப்படித்தான், பல்லவி எங்கே எடுக்கிறது என்பது கைக்குள் இறங்கிவிடும். வாய்ப்பாட்டுக் கச்சேரியில் தம்புராவைப் பிடித்துக்கொண்டு பின்பாட்டுப் பாடும் சீடரும் இதே வரிசைதான். கற்றுக்கொண்டிருப்பவனுக்கு மேடையில் ஓர் இடம் எப்போதும் இருந்தது. அது கௌரவமான இடம். அவன் இல்லாவிட்டால் சுருதி இல்லை, தாளம் இல்லை.

இப்போது பெரும்பாலான மேளங்களில் ஒத்தின் இடத்தை மின்சாரச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி வந்தபோது ஒரு சிறுவனின் நாற்காலி போய்விட்டது. 'ஒத்து ஊதுகிறான்' என்பதையும் நாம் கேலிச்சொல் ஆக்கிவிட்டோம். ஒத்து ஊதிப் பார்த்தவனுக்குத் தெரியும் அது எத்தனை பெரிய வேலை என்று.

இனி அந்தச் சேர்க்கை விதிக்கு வருகிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதால் நாதசுவரப் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளில் சிலர் உங்கள் பள்ளியிலிருந்து பாதியில் நின்றவர்கள். மாணவர் பெயர்ப் பட்டியலில் நீங்கள் சிவப்பு மையால் கோடிட்டவர்களைச் சில சமயம் எங்கள் வருகைப் பதிவேட்டில் பார்க்கலாம். அப்படி வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போய்விட்டது. அப்பா கட்டட வேலை. ஊர்க் கோயில் திருவிழாவில் மேளம் கேட்டு, தானாக விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

நாதசுவரம் எடுத்த எடுப்பில் பேசாது. மற்ற வாத்தியங்களில் முதல் நாளே ஏதாவது ஓர் ஒலியை எழுப்பிவிடலாம். வீணையின் தந்தியைத் தொட்டால் ஒலிக்கும், மிருதங்கத்தைத் தட்டினால் ஒலிக்கும். நாதசுவரத்தில் முதலில் சீவாளியோடு போராட வேண்டும். நாணலில் செய்வது, திருவாவடுதுறையில் செய்வது பேர்பெற்றது. அதை நனைத்து, உதட்டில் வைத்து, எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு காற்று விடுவது என்று பழக வேண்டும். காற்று மட்டும் வரும், அல்லது ஒரு கீச்சொலி வரும். உதடு வீங்கும், காது அடைக்கும். அதற்குப் பிறகுதான் குழலில் விரல். ஆச்சா மரத்தில் கடைந்த நீளமான பாரி நாதசுவரம். நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதசுவரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். துளைகள் தள்ளித்தள்ளி இருக்கும், சிறுவன் விரலை விரித்துப் பிடிக்கவே வாரக்கணக்காகும்.

ஆறு மாதம் ஆனது. அவன் அம்மா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். "இவன் எப்ப சார் ஊதுவான்? அக்கம்பக்கத்துல கேக்கறாங்க. அவங்கப்பா கூட வேலைக்கு அனுப்பிடலாம்னு சொல்றார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். வேலைக்குப் போனால் ஒரு நாள் கூலி வரும். சீவாளியோடு மல்லுக்கட்டினால் என்ன வரும் என்ற கேள்விக்கு அவரிடம் சொல்ல என்னிடம் பேச்சு இல்லை. நாதசுவர ஆசிரியர்தான் சொன்னார்: "பருவ நிகழ்ச்சிக்கு வாங்கம்மா. அன்னிக்குக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

நிகழ்ச்சியில் முதலாண்டு நாதசுவர மாணவர்கள் நான்கு பேர். அவர்கள் எந்தக் கீர்த்தனையும் வாசிக்கவில்லை. மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசை, அவ்வளவுதான். அதை மூன்று காலத்தில் வாசித்தார்கள். முதல் காலத்தில் ஒவ்வொரு சுரமும் தூண் மாதிரி நின்றது. இரண்டாம் காலத்தில் அதே தாளத்துக்குள் இருமடங்கு சுரம். மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கு. அந்தப் பையன் அங்கே கொஞ்சம் பின்தங்கினான், பிறகு பிடித்துக்கொண்டான். முதலாண்டுத் தவில் மாணவர் ஒருவர் தாளம் மட்டும் போட்டார். வாசிப்பதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு: 'இந்த மாணவர்கள் ஜூன் மாதத்தில் சேர்ந்தபோது சீவாளியில் ஒலி எழுப்பத் தெரியாது. இப்போது முதல் சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசிக்கிறார்கள்.' அந்த ஒரு வரியைக் கேட்டபிறகு சபை வேறு காதோடு கேட்டது. சரளி வரிசைக்கு அவ்வளவு கைதட்டல் விழுந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவனுக்கு எட்டாம் வகுப்பில் வகுப்பாசிரியராக இருந்த அம்மையார் அன்று வந்திருந்தார், நாங்கள்தான் அழைத்திருந்தோம். "பத்து நிமிஷம் பெஞ்சில உட்கார மாட்டான் சார் இவன்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அவன் காலையில் மட்டும் மூன்று மணிநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாதகம் செய்கிறான் என்றேன். அவன் அம்மா எதுவும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் காலை பையன் வந்துவிட்டான். பத்தாம் வகுப்பில் விட்ட இரண்டு பாடத்தையும் அந்த ஆசிரியையே சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்துத் துணைத்தேர்வு எழுதவைத்தார். இப்போது அவன் மூன்றாம் ஆண்டு. இங்கே சான்றிதழ் முடித்தால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக்கல்லூரிகளுக்குப் போகலாம். அறநிலையத் துறைக் கோயில்களில் நாதசுவரம், தவில், ஓதுவார் பணியிடங்களும் உண்டு. அவனுக்குத் திருவையாறு போக ஆசை.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு நிலைத்துவிட்டது. ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால், இந்த மாணவர் பருவத் தொடக்கத்தில் எங்கே இருந்தார், இப்போது எங்கே நிற்கிறார் என்று இரண்டே வரி அறிவிப்பு. ஏழு அலங்காரமும் முடித்தவர், முதல் கீதம் பாடுபவர், முதல் வர்ணத்தைத் தொட்டவர் என்று. பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டுப் பாட விட்டால், சபை அந்தப் பிள்ளையைத் தொலைக்காட்சியில் பாடும் பிள்ளையோடு ஒப்பிடும். தொடங்கிய இடத்தைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் நேற்றோடு ஒப்பிடும். உங்கள் பள்ளியில் இதைச் செய்யச் செலவு எதுவுமில்லை, ஒரு தாள் போதும். ஆனால் பருவத் தொடக்கத்திலேயே குறித்து வைத்திருக்க வேண்டும், அதுதான் கொஞ்சம் சிரமம்.

அடுத்து, குரலைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே இசை ஆசிரியர் அல்லாதவர்கள்தான் அதிகம். உங்கள் பள்ளிகளில் இசைக்குத் தனி ஆசிரியர் இல்லாமல், கணக்கு ஆசிரியரோ தமிழாசிரியரோதான் பாட்டுப் பழக்குகிறீர்கள் என்றும் தெரியும்.

சிறுவர் மன்ற வகுப்புக்கு ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். எல்லோரும் ச பிடித்தார்கள், அவள் வாயை அசைத்தாள், ஒலி வரவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டேன். "நான் பாட மாட்டேன் சார். எனக்கு வாய் அசைக்க மட்டும்தான் வரும்" என்றாள். எங்கோ ஒரு பள்ளியில், ஏதோ ஒரு விழாவுக்கு முன்னால், 'நீ சத்தம் போடாதே, உதட்டை மட்டும் அசை' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் அதை அன்றே மறந்திருப்பார். அந்தப் பிள்ளை அதைத் தன் திறமை என்றே எடுத்துக்கொண்டுவிட்டது.

அவளுக்குச் சுருதி சேராமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆண் குரல் பொதுவாக 1 கட்டை, 2 கட்டையில் நிற்கும். பெண்களுக்கும் சிறுவர் சிறுமியருக்கும் 5 கட்டை, 6 கட்டைப் பக்கம்தான் வசதி. ஆண் ஆசிரியர் தன் வசதிக்கு 1 கட்டையில் பாட்டை எடுத்தால் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். கீழே இறங்கி முனக வேண்டும், அல்லது ஒரு ஸ்தாயி மேலே ஏறிக் கத்த வேண்டும். பாதிப்பேர் முனகுவார்கள், பாதிப்பேர் கத்துவார்கள், நடுவில் ஒரு பிள்ளை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறும். அந்தப் பிள்ளைக்குத்தான் 'உதட்டை அசை' கிடைக்கிறது. அந்தச் சிறுமியை 5 கட்டையில் ச மட்டும் பிடிக்க வைத்தோம். இரண்டு வாரம் அதுதான் பாடம். மூன்றாவது வாரம் ப கிடைத்தது. பருவ நிகழ்ச்சியில் குழுவோடு நின்று பாடினாள். பெரிய பாடகியாகிவிடுவாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் அவளிடமிருந்து ஒலி வந்தது.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் நிலைமை இதைவிட மோசம். அந்த வயதில் பையன்களின் குரல்வளை வேகமாக வளர்கிறது, குரல்நாண்கள் நீள்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. ஆறாம் வகுப்பில் பரிசு வாங்கிய பையன் எட்டாம் வகுப்பில் பாட வாயைத் திறந்தால் குரல் பிளக்கிறது. வகுப்பே சிரிக்கிறது. நாமும் 'உனக்குக் குரல் உடைஞ்சுடுச்சுப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று அனுப்பிவிடுகிறோம். அவன் அடுத்த வருடம் வருவதில்லை. பாட்டுக் குழுவில் பையன்கள் ஏன் இல்லை என்று நாம் ஆண்டுதோறும் வியக்கிறோம், விடை இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. குரல் மாறும் மாதங்களில் அவனைக் கத்திப் பாட விடாதீர்கள், மேல் ஸ்தாயிக்கு இழுக்காதீர்கள். வருகிற ஐந்தாறு சுரத்துக்குள் மெதுவாகப் பாடட்டும். அது முடியாத நாளில் தாளம் போடட்டும், சுருதிப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும், கஞ்சிராவோ கடமோ பழகட்டும். மேடையில் அவன் இடம் காலியாகாமல் இருந்தால் போதும். ஒத்து ஊதிய சிறுவனின் நாற்காலி என்று சொன்னேனே, அதுதான் இது.

இனி சில நடைமுறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கரோக்கி. எல்லாப் பள்ளியிலும் வந்துவிட்டது. கைப்பேசியில் இசையை ஓடவிட்டுப் பிள்ளையைப் பாடச் சொல்கிறோம். எனக்கு அதில் பெரிய உடன்பாடில்லை. இசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பிள்ளைக்காகக் காத்திருக்காது. ஒரு வரி மறந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளை அங்கேயே நிற்கும். சுருதியும் பெரும்பாலும் யாரோ ஒரு பெரிய பாடகருடையது. பக்கத்தில் ஒரு மிருதங்கமோ தபேலாவோ, ஒன்றுமில்லாவிட்டால் மேசையில் தட்டும் இன்னொரு பிள்ளையோ இருந்தால், தடுமாறும்போது ஓர் ஆவர்த்தம் சேர்த்துத் தட்டிக் காத்திருப்பார்கள். எங்கள் மிருதங்க ஆசிரியர் இதில் கெட்டிக்காரர். பாடும் பிள்ளை மறந்ததைச் சபைக்குத் தெரியாமல் மூடிவிடுவார்.

உடை. பரதம் ஆடும் பிள்ளைக்கு உடை, நகை, ஒப்பனை எல்லாம் வாடகைக்கு எடுக்கச் சொன்னால், பணம் கட்ட முடியாத பிள்ளை 'எனக்கு ஆட விருப்பமில்லை' என்று சொல்லிவிடும். அது பொய் என்று நமக்கும் தெரியும். எங்கள் பருவ நிகழ்ச்சியில் எல்லோருக்கும் பயிற்சிப் பருத்திப் புடவைதான், சலங்கை பள்ளியினுடையது. அலாரிப்பு அதில் நன்றாகவே தெரிகிறது, அரைமண்டி சரியில்லை என்றால் அதுவும் நன்றாகவே தெரிகிறது.

நேரம். ஆறு மணி நிகழ்ச்சிக்கு மூன்று மணிக்கே பிள்ளைகளை உட்கார வைத்துவிடுகிறோம். சிறப்பு விருந்தினர் ஏழுக்கு வருகிறார், எட்டு வரை பேசுகிறார். அதற்குள் சிறு பிள்ளைகள் பாதி தூங்கி, பாதி அழுதுவிடுகிறார்கள். மிகச் சிறியவர்களை முதலில் பாடவைத்து, அவர்கள் அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம் என்று விட்டுவிடுங்கள். உரைகள் எல்லாம் பிறகு. விருந்தினர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நாமாக அஞ்சுகிறோம். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானோர் நிம்மதியடைகிறார்கள்.

விருதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், தலைப்பில் சாதனை இருக்கிறதே. கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் 18 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்குக் 'கலை இளமணி' விருது வழங்குகிறது. அதற்கு மேல் வயதுக்கு ஏற்பக் கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று உண்டு. மத்திய அரசின் பண்பாட்டு வள மையம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கலைத்திறன் உதவித்தொகை தருகிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படிகள் உண்டு. இவற்றுக்கான அறிவிப்புகள் பள்ளித் தலைமையாசிரியர் மேசை வரை வந்து, அங்கேயே தங்கிவிடுவதுண்டு. தயவுசெய்து பார்த்து, உரிய பிள்ளையின் கையில் சேர்த்துவிடுங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதித்தர உங்களைத் தவிர ஆளில்லை. விண்ணப்பிக்கும்போது மேடையேறிய சான்று கேட்பார்கள். பருவ நிகழ்ச்சியின் அழைப்பிதழில் அந்தப் பிள்ளையின் பெயரை அச்சிட்டு வைத்திருந்தால் அன்று அது உதவும். 'மற்றும் குழுவினர்' என்று போட்டுவிட்டால் அந்தத் தாளால் யாருக்கும் பயனில்லை. எல்லாப் பெயரையும் போடுங்கள், எழுத்து சிறியதானாலும் பரவாயில்லை.

பேச்சு போதும். இனிப் பயிற்சி. உங்கள் பள்ளியில் ஒவ்வொரு நாளும் நடக்கிற இசை நிகழ்ச்சி தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. ஒலித்தட்டை ஓடவிடாமல் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்பது ஆணை. அது மோகன ராகம். ச ரி க ப த, ஐந்தே சுரங்கள். மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது க-வுக்கும் ப-வுக்கும் நடுவில்தான், அங்கே இல்லாத ம-வைத் தொட்டுவிடுவார்கள். அதனால் பாட்டுக்கு முன்னால் அந்த ஐந்து சுரத்தையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாடவையுங்கள், அரை நிமிடம் போதும். தாளம் மூன்றன் நடை. தகிட, தகிட என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேகம் கூடிப்போனால் 55 விநாடி 45 ஆகிவிடும், காலை வழிபாட்டில் வெயில் அடித்தால் இன்னும் சீக்கிரம் முடியும்!

சுருதிப்பெட்டி கொண்டுவந்திருக்கிறேன். பெட்டி இல்லாதவர்கள் கைப்பேசியில் சுருதிச் செயலியை ஏற்றிக்கொள்ளலாம், இலவசமாகவே கிடைக்கின்றன. இப்போது 5 கட்டையில் வைக்கிறேன், பிள்ளைகளின் சுருதி. கேட்கிறதா? பின்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். ஆசிரியைகள் எல்லோரும் ச பிடியுங்கள், அவசரமில்லை, மூச்சு நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் இந்தச் சுற்றில் பாட வேண்டாம், உங்களுக்கு இது மேலே. தொடையில் கை வைத்துத் தகிட போடுங்கள், மெதுவாக. ஐயா, அந்த நீலச் சட்டை, நீங்கள் கொஞ்சம் முந்துகிறீர்கள். ஆம், அப்படித்தான். இப்போது ச.